எவ்வளவு குறைக்க வேண்டும்?

துப்பாக்கியில் போடும் தூளுக்குத் தமிழில் மருந்து என்று பெயர். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. இரண்டிலும் அளவு தப்பினால் ஆபத்து. எப்படி வந்த பெயராக இருந்தாலும் பொருத்தமான பெயர்தான்.

அந்த மருந்தைத் தராசில் நிறுத்து, தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கல்லூரியில் என்னோடு என்.சி.சி.யில் இருந்தவள். அன்று எங்களுக்குக் கிடைத்தது பாயிண்ட் டூ டூ ரைபிளும் ஆளுக்குச் சில தோட்டாக்களும்தான். நான் தமிழ் படிக்கப் போனேன். அவள் கல்யாணமாகி இங்கிலாந்து போனாள். சர்ரேயில் உள்ள பிஸ்லி சுடுதளத்துக்குப் போகத் தொடங்கினாள். இப்போது அவளிடம் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம். மேக்னம் என்றால் லத்தீனில் ‘பெரியது’. ஷாம்பெயினின் பெரிய பாட்டிலுக்கும் அதே பெயர்தான்.

அந்தப் பெரியதுதான் அவளுக்குச் சிக்கல். பிரிட்டனின் ராணுவச் சுடுதளங்களிலும் பிஸ்லியிலும் ஒரு வரம்பு உண்டு. துப்பாக்கி வாயிலிருந்து புறப்படும் குண்டின் ஆற்றல் 4500 ஜூலையோ, வேகம் விநாடிக்கு 1000 மீட்டரையோ தாண்டினால் அது ‘உயர் ஆற்றல்’ வகை. அதற்குத் தனி நிபந்தனைகள். கடையில் வாங்கும் தோட்டாவில் 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 4700 ஜூலுக்கு மேல் வரும். வரம்பைத் தாண்டிவிட்டது.

ஒரு விடுமுறையில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது கார் ஷெட்டில் அந்த வேலையைப் பார்த்தேன். ஏற்கெனவே சுட்ட பித்தளை உறையை எடுக்கிறாள். எரிந்த பிரைமரைத் தட்டி எடுத்து, உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறாள். புது பிரைமர் வைக்கிறாள். மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைப் பொருத்துகிறாள். அதே உறை, அதே குண்டு, அதே ரைபிள். மாறுவது மருந்து மட்டும்.

“பாதியாக் குறைச்சிட்டா கவலையே இல்லையே?” என்று கேட்டேன்.

“குறைக்கிறதிலயும் ஆபத்து இருக்குடி” என்றாள். “மெதுவா எரியிற மருந்தை ரொம்பக் குறைச்சுப் போட்டா உள்ள அழுத்தம் எப்படி ஏறும்னே சொல்ல முடியாது. துப்பாக்கியே வெடிச்சுடலாம். மருந்து செய்யிறவங்க போட்ட புத்தகத்துல மேல் எல்லையும் இருக்கும், கீழ் எல்லையும் இருக்கும். அதுக்கும் கீழ போகணும்னா வேற மருந்துக்கு மாறணும்.”

உண்மையில் அவள் குறைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 902 மீட்டரில் போகும் குண்டை 878க்கு இறக்கினால் போதும். வேகத்தில் நூற்றுக்கு மூன்றுகூடக் குறையவில்லை, ஆற்றலில் ஐந்துக்கு மேல் குறைந்து 4500க்குள் வந்துவிடுகிறது. சரிபார்க்கக் குரோனோகிராஃப் என்ற கருவி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதன் முன்னால் சுட்டுக் காட்டலாம்.

துப்பாக்கியைப் பெண் விடுதலையின் சின்னமாக நான் நினைக்கவில்லை. மருந்து நிரப்புவது பெண்களுக்குப் புதிதும் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த பெண்களின் தோல் டி.என்.டி.யால் மஞ்சளானது. அவர்களைக் கேனரிப் பறவைகள் என்று கேலியாக அழைத்தார்கள். 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் நடந்த வெடிப்பில் 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கையில் அந்தச் செய்தி அமுங்கிப்போனது.

என்னை யோசிக்க வைத்தது அந்த வரம்புதான். அதற்கு ஓர் எண் இருக்கிறது. காரணம் இருக்கிறது: இலக்கைத் தாண்டியோ, பட்டுத் தெறித்தோ போகும் குண்டு எவ்வளவு தூரம் போய் விழும் என்று கணக்கிட்டுத்தான் சுடுதளத்தைச் சுற்றி ஆபத்துப் பகுதியை வகுக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஒன்று. அளந்து காட்ட வழியும் இருக்கிறது. முக்கியமாக, அது குண்டைத்தான் அளக்கிறது. சுடுவது யார் என்று கேட்பதில்லை. 1860இல் தொடங்கிய அரசப் பரிசுப் போட்டியை 1930இல், அதே பிஸ்லியில், மார்ஜரி ஃபாஸ்டர் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர்தான்.

ஆளை அளக்கும் வரம்பு வேறு வகை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் போட்டியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே சுட்டார்கள். சீனாவின் ஜாங் ஷான் 225க்கு 223 எடுத்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996 அட்லாண்டாவில், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்குத் தனி ஸ்கீட் வந்தது 2000இல், சிட்னியில். நடுவில் இருந்த எட்டு ஆண்டுகளில் எந்தப் பெண்ணாலும் தன் மருந்தைக் குறைத்து உள்ளே போயிருக்க முடியாது. வரம்பு மருந்துக்கு இல்லை, அவளுக்கு.

இந்த இரண்டாம் வகை நமக்குப் பழக்கமானது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், துறைக் கூட்டங்களில், “மேடம், கொஞ்சம் குறைச்சுப் பேசுங்க” என்பார்கள். சத்தத்தையா, நேரத்தையா, கருத்தையா? எவ்வளவு? ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்தார்கள். பதில் வரவில்லை.

அதைவிட உறுத்தியது ஒரு மாணவியின் விஷயம். எம்.ஏ. முடித்து, நெட் தேறி, ஆய்வுக்கும் இடம் கிடைத்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பயோடேட்டாவில் ‘எம்.ஏ.’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை பி.இ., பொண்ணு அதிகம் படிச்சிருந்தா சரிப்படாது என்றார் அவளுடைய அப்பா. அவள் என்னிடம் வந்து, “கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம்ல மேடம்?” என்று கேட்டாள்.

நான் அறிவுரை சொல்லவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டேன். நெட்டை மறைத்தாயிற்று. ஆய்வையும் விடச் சொன்னால்? வேலைக்குப் போக வேண்டாம் என்றால்? எந்த இடத்தில் போதும் என்பார்கள்? உன் கீழ் எல்லை எது?

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஆய்வை விட மாட்டேன் மேடம்” என்றாள். அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டு, நெட்டையும் ஆய்வையும் எழுதாத பயோடேட்டாவை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அவளுடைய அப்பா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. அவள் இப்போது ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள்.

எல்லா வரம்பையும் உடைக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. என் தோழி தன் வரம்பை மதிக்கிறாள். அதற்காகத் தராசின் முன்னால் பொறுமையாக உட்கார்கிறாள். நானும் மதிப்பேன். ஆனால் குறைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், என் மாணவிகள் நாலு கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு? எதற்காக? எல்லோருக்குமா? யார் அளப்பது? நாலுக்கும் பதில் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால், ஒரு கிரெய்ன்கூடக் குறைக்க வேண்டியதில்லை.