காண்பன, அறிவன

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துப் பென்சிலால் கோடு போட்டிருப்போம். சோதனை, காண்பன, அறிவன. முதலாவது கை செய்வது. இரண்டாவது கண் பெறுவது. மூன்றாவது, இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மனம் சென்று சேர்வது. விமர்சனம் எழுத வந்த பிறகு நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலும் இதைவிடச் சுருக்கமான ஒரு முறைமையை எனக்குத் தரவில்லை. 'காண்பன' என்ற சொல்லை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தவர் நல்ல காது உள்ளவராக இருந்திருக்க வேண்டும். 2005 ஜூனிலிருந்து 2006 மார்ச் வரை, பத்து மாத காலம், அந்த நடுப்பத்தியில் நான் பொய் எழுதினேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஆய்வகம் என்று பெயர்ப்பலகை இருந்த அந்த நீள அறையில் நான்கு மேஜைகள், எட்டு ஸ்பிரிட் விளக்குகள், நாற்பத்திரண்டு மாணவர்கள். புத்தகம் வேதியியல் என்றது. நாங்கள் கெமிஸ்ட்ரி என்றோம். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், வீழ்படிவு போன்ற சொற்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே தவிர, வாயில் வைத்துப் பேசியதில்லை. எனினும் இன்று யோசிக்கும்போது, நான் முதன்முதலில் தமிழில் துல்லியமாக எழுதக் கற்றது இலக்கணப் புத்தகத்திலிருந்து அல்ல, அந்தச் சொற்களிலிருந்துதான் என்று படுகிறது. 'வெண்மையான சுண்ணாம்பு போன்ற வீழ்படிவு' வேறு, 'வெண்மையான கூழ் போன்ற வீழ்படிவு' வேறு. ஒன்று பேரியம், மற்றொன்று அலுமினியம். உவமை தவறினால் உலோகமே மாறிவிடும். நம் கவிஞர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது?

உவமைகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் பக்கத்தில் 'அழுகிய முட்டை நாற்றம்' என்று இருக்கும். கிப் உபகரணத்தைத் திறந்ததும் அறை முழுக்க அது பரவும். ஆனால் நான் அழுகிய முட்டையை அதுவரை முகர்ந்ததில்லை. முட்டை அழுகும்வரை விட்டுவைக்கிற வீடு அல்ல எங்களுடையது. பல வருஷம் கழித்து, வேலைக்குப் போன ஊரில், பூட்டிக் கிடந்த அறையில் கெட்டுப்போன முட்டை நாறியபோது, இது ஹைட்ரஜன் சல்ஃபைடு போல இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. தெரியாததைத் தெரிந்ததால் விளக்குவது உவமை என்று பாடம் சொல்கிறார்கள். யாருக்குத் தெரிந்ததால் என்று கேட்பதில்லை.

எங்கள் கெமிஸ்ட்ரி சார் நல்லவர். சலித்துப் போயிருந்தார். பாடத்தைச் சுவரைப் பார்த்துத்தான் நடத்துவார். அவர் ஒரே ஒரு நாள் மட்டும் எங்களைப் பார்த்து நின்றார். ஆகஸ்டு மாதம் என்று நினைவு. லெட் நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை விட்டார். மஞ்சளாகக் கட்டியது. தண்ணீர் சேர்த்து விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்ததும் மஞ்சள் முழுக்கக் கரைந்து, குழாயில் வெறும் தண்ணீர் போல நின்றது. பிறகு குழாயடியில் கொண்டுபோய்ப் பிடித்தார். ஆற ஆற, ஒன்றுமில்லாத அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து பொன் செதில்கள் இறங்கத் தொடங்கின. ஜன்னல் வெளிச்சத்தில் புரண்டு புரண்டு விழுந்தன. நாற்பத்திரண்டு பேரும் சத்தமில்லாமல் நின்றோம். சாரும் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அதை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தெரியாது.

அந்த வருஷத்தில் நான் உண்மையாகவே கண்டது அது ஒன்றுதான். ஆனால் என் நோட்டில் 'பொன்னிறச் செதில்கள் தோன்றின' என்ற வாக்கியம் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இருந்தது. முந்தைய வருஷத்து அண்ணன் ஒருவரின் ரெக்கார்டை வாங்கி ஆரம்பத்திலேயே எல்லாப் பக்கத்தையும் காப்பி செய்து முடித்திருந்தேன். கண்ட பிறகு எழுத எதுவும் மிச்சமில்லை. வார்த்தை முன்னால் போய் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பருமனறி பகுப்பாய்வு என்ற டைட்ரேஷனில் பொய் இன்னும் நுட்பமானது. பியூரெட்டில் பொட்டாசியம் பர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலம். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஒவ்வொரு சொட்டும் நிறமிழந்து போகும். ஒரு கட்டத்தில் ஒரு சொட்டு மட்டும் மறையாமல், வெளிறிய ரோஜா நிறத்தில் அப்படியே தங்கும். அதுதான் முடிவுநிலை. வேறு நிறங்காட்டி வேண்டாம். வினைபுரிகிறதே தன் முடிவையும் அறிவிக்கிறது. பர்மாங்கனேட்டின் இருட்டில் கீழ்விளிம்பு தெரியாது என்பதால் மேல்விளிம்பைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். இப்படி அடுத்தடுத்துச் செய்து, ஒத்த இரண்டு அளவீடுகள் கிடைக்கும்வரை தொடர வேண்டும் என்பது விதி. நான் ஒரு முறைதான் செய்வேன். 19.9 என்று வந்தால் முதல் வரியில் 19.8 என்றும், அடுத்த இரண்டில் 19.9 என்றும் எழுதுவேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் சார் சந்தேகப்படுவார். உண்மை போலத் தோன்ற ஒரு சிறிய பிழை வேண்டும். சிறுகதை உத்தி எதையும் அதற்கு முன்போ பின்போ நான் இவ்வளவு சரியாகக் கற்றதில்லை. வங்கிக் கவுண்டரில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு எட்டு மணி வரை உட்கார வேண்டியிருக்கிறது. பணத்துக்கு அந்த மரியாதை கிடைக்கிறது.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மொத்தம் இருநூறில் ஐம்பது மதிப்பெண் அதற்கு. காகிதத்தில் மடித்த ஒரு வெள்ளைத் தூள், அதன் மேல் ஒரு எண். அது என்ன உப்பு என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் சாப்பாட்டுச் செலவுக்கு என்று தலைக்கு ஐம்பது ரூபாய் முன்பே வசூலாகியிருந்தது. அட்டெண்டர் பின்னால் நடந்து போகும்போது, யாருக்கும் சொல்லாதவர் போல, "லெட்டு நைட்ரேட்டு, தம்பி" என்றார். நான் உடனே எழுதத் தொடங்கினேன். நைட்ரேட்டுக்கான உறுதிச் சோதனை பழுப்பு வளையம். உப்புக் கரைசலோடு புதிதாகத் தயாரித்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக ஆட்டாமல் இறக்கினால், இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். 'பழுப்பு வளையம் தோன்றியது' என்று எழுதினேன். நான் குழாயைக் கையில் எடுக்கவே இல்லை.

எதிர் மேஜையில் என் நண்பன். அவனுக்கும் ஏதோ ஒரு நைட்ரேட். அட்டெண்டர் அவனிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவன் சோதனையைச் செய்தான். வரவில்லை. மறுபடி செய்தான். மூன்றாவது முறையும் அமிலத்தை இறக்கிவிட்டுக் குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது. மணி அடிப்பதற்குள் அவன் எழுதியது இது: தாமிரச் சீவலோடு சூடாக்கியபோது செம்பழுப்பு வாயு வந்தது, பழுப்பு வளையம் தோன்றவில்லை, நைட்ரேட் உறுதிப்படவில்லை. எனக்கு ஐம்பது. அவனுக்கு நாற்பத்தொன்று.

காரணம் எனக்குப் பின்னால் விளங்கியது. வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய அந்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசல் அலமாரியில் துருமஞ்சளாக இருந்தது. காற்று பட்டுப் பட்டு ஃபெரிக்காக மாறிப் போயிருந்தது. அதில் வளையம் வராது. உப்பில் நைட்ரேட் இருந்தும், கண்டறிய வேண்டிய கரைசல் செத்துப் போயிருந்தது. அந்த ஒன்பது மதிப்பெண்ணால் அவன் வாழ்க்கை திசைமாறியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குப் போனான், நான் பி.ஏ. ஆங்கிலத்துக்குப் போனேன்.

அங்கே எலியட் வந்தார். 1919இல் எழுதிய மரபும் தனித்திறனும் பற்றிய அந்தக் கட்டுரையைப் பேராசிரியர் நோட்ஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கவிமனம் ஒரு பிளாட்டினத் துண்டு. ஆக்சிஜனும் கந்தக டை ஆக்சைடும் நிறைந்த அறையில் அதை வைத்தால் அவை கூடிக் கந்தச அமிலம் உண்டாகும், பிளாட்டினம் மாறாமல் இருக்கும் என்று உவமை. எனக்கு எழுதுகிற கை நின்றுவிட்டது. தொடு முறை பிளஸ் டூவில் படித்தது. அவை இரண்டும் பிளாட்டினத்தின் முன் சேர்ந்தால் வருவது கந்தக ட்ரை ஆக்சைடு. தண்ணீரில் கந்தக அமிலம். 1831இலேயே இங்கிலாந்தில் பெரிக்ரின் ஃபிலிப்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எலியட் பெயர் சொல்கிற கந்தச அமிலம் உண்டாகக் கந்தக டை ஆக்சைடும் தண்ணீரும் போதும். பிளாட்டினமே வேண்டாம். அதாவது, கவிஞனே இல்லாமல் கவிதை வந்துவிடும் என்றாகிறது. நவீன விமர்சனத்தில் மிகப் பிரசித்தமான உவமையின் நடுப்பத்தி தவறு. நான் எழுந்து சொல்லவில்லை. பிளஸ் டூ தமிழ் மீடியம் பையன் எலியட்டைத் திருத்துவதா என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு: அந்த உவமையிலிருந்து அவர் சென்று சேர்கிற இடம் சரிதான் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. காண்பன தவறு, அறிவன சரி. இதை என்ன செய்வது?

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை எல்லோருக்கும் தெரியும். கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொல்லி, அவற்றை 1929இல் நூலாக்கினார். காகிதத்தில் மடித்த பெயரில்லாத உப்புதான் அதுவும். அம்மாணவர்கள் தடுமாறியதை நம்மவர்கள் ஏளனமாகக் குறிப்பிடுவது வழக்கம். எனக்கு அவர்கள் மேல் பொறாமை. அவர்களுக்கு அட்டெண்டர் கிடையாது. நம் வட்டத்தில் ஒரு தொகுப்பு அச்சாகுமுன்பே அது என்ன உப்பு என்று பின்னால் நடந்து போகிற யாராவது முணுமுணுத்துவிடுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். அதன் மௌனங்களைப் பற்றி, சொற்சிக்கனம் பற்றி, இருப்பின் வெறுமையை அது எதிர்கொள்கிற தளம் பற்றி. பிறகு வந்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். என் மதிப்பீடு சரி என்று நிலைபெற்றுவிட்டது. இப்போது சொல்கிறேன்: அந்தக் கவிதைகள் எனக்குள் எதையும் நிகழ்த்தவில்லை. நல்ல கவிதை என்று தெரிந்தது, அதனால் நிகழ்ந்ததாக எழுதினேன். நம்பகமாக இருக்கட்டும் என்று இரண்டு கவிதைகளைப் பலவீனமானவை என்றும் சொல்லி வைத்தேன். அது என் 19.8. போன மழைக்காலத்தில் தொகுப்பை எடுத்து, அவசரமில்லாமல், மூன்று இரவுகள் படித்தேன். வளையம் வரவில்லை. நான் சொன்ன குணங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்ட முடியும். அலமாரியில் நெடுநாள் திறந்து கிடந்தது எது என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது.

நண்பன் திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறான். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சமயத்தில் சில மாதம் வேலையில்லாமல் ஊரில் இருந்தான். பிறகு திரும்பிப் போனான். நாள் முழுக்கக் குழாயும் குடுவையும்தான். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். அவன் எழுதியதே சரி என்று, எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"அதெப்படிலே?" என்றான். "உப்பு நைட்ரேட்டுதான. நீ எழுதுனதுதான் சரி."

"உனக்கு வளையம் வரலைல்லா?"

"வரல. கரைசல் பழசு. அன்னைக்கே புதுசா போட்டுக் கேட்டிருக்கணும், எனக்குத் தோணல." கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பினான். "அதே பாட்டில்தான் ரெண்டு மேஜைக்கும். உனக்கு மட்டும் எப்படிலே வந்துச்சு?"

இருபது வருஷமாக அவன் அதை ஒரு கெமிஸ்ட்ரிப் புதிராகவே வைத்திருந்திருக்கிறான். தன் கை நடுங்கியதா, அமிலத்தை வேகமாக விட்டுவிட்டோமா என்று. நான் குழாயைத் தொடவே இல்லை என்று சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றான்.