மகனின் படகும் என் கணக்கும்

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவன் நான். கரும்பலகையின் முன் நின்றால் பிழைவிட மாட்டேன் என்றொரு செருக்கு எனக்கு நெடுங்காலமாக இருந்தது. அச்செருக்கை அடக்கியது 65 சென்ரிமீற்றர் நீளமான ஒரு விளையாட்டுப் படகு. அக்கதையைச் சொன்னால், வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்றெண்ணியே இதனை எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தமக்கையார், தம் மருமகனுக்கென்று அப்படகைக் கொண்டுவந்தார். கரையில் நிற்பவன் தன் கையிலுள்ள கருவியின் விசையை இழுத்தால், வானொலி அலை அக்கட்டளையைப் படகுக்கு எடுத்துச் செல்லும். உள்ளேயுள்ள பற்றரி மோட்டரைச் சுழற்ற, பின்புறத்துச் சுழல்விசிறி படகை உந்தும். இவ்வித்தை புதியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கொலா ரெஸ்லா என்னும் அறிஞர் நியூயோர்க் நகரில், பற்றரியால் இயங்கும் சிறு படகொன்றை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுக் கம்பித் தொடர்பின்றிச் செலுத்திக் காட்டினார்.

என் மகன் பதினோராம் வகுப்பு மாணவன். படகு வந்த நாள்முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. ஞாயிறு விடியுமுன்பே மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் போய்விடுவான். "சோதனை நெருங்குகின்றது, நீ வாவியில் விளையாடுகின்றாய்" என்று நான் கடிந்துகொள்வேன். அவன் மறுமொழி கூறுவதில்லை. ஒரு நாள் அவனைக் கையோடு அழைத்து வருவதற்கென்றே கரைக்குச் சென்றேன். சென்றவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

காற்றெழாத காலை வேளை. கண்ணாடிபோற் கிடந்த நீரைக் கிழித்துக்கொண்டு படகு பாய்ந்தது. ஆயினும் அதன் ஓட்டம் சீரானதன்று. வேகம் கூடக்கூட அதன் மூக்கு எழுவதும் விழுவதுமாக, நொண்டிக் குதிரைபோல் துள்ளிற்று. வலப்புறம் திருப்பியதும் பின்புறம் வழுக்கிச் சென்று, ஒரு விளிம்பு நீரிற் குத்த, தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே மிதவைப் பஞ்சு வைத்திருந்தமையால் அது தாழவில்லை. மீன்பிடித் தோணியில் வந்த முதியவர் ஒருவர் அதனை எடுத்துத் தந்தார்.

அடுத்த ஞாயிறு நான் அளவுநாடா கொண்டு போனேன். கரையோரம் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, படகு ஒன்றிலிருந்து மற்றதைக் கடக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் அளந்தோம். 4.5 செக்கன், அதாவது மணிக்கு 40 கிலோமீற்றர். இலக்கம் ஒன்று கைக்கு வந்ததும் என் ஆசை விழித்துக்கொண்டது. படகிலிருந்த விசிறி 40 மில்லிமீற்றர் விட்டமுடையது. "45 மில்லிமீற்றர் விசிறியைப் பூட்டினால் ஒரே நாளில் வேகம் கூடிவிடும்" என்றேன்.

மகன் தயங்கினான். "அப்பா, முதலில் துள்ளலை நிறுத்துவோம். வேகத்தைப் பிறகு பார்க்கலாம். கொன்ரோலர் 60 அம்பியர்தான் தாங்கும்" என்றான். மோட்டருக்கு மின்னை அளந்துவிடும் வேகக் கட்டுப்படுத்தியையே அவன் அவ்வாறு சொன்னான். புத்தாண்டிற் கிடைத்த கைவிசேடக் காசைச் சேர்த்து, பழையதை மாற்றி, அவன் அண்மையில் வாங்கியது அது.

"எட்டில் ஒரு பங்குதானே கூடுகின்றது? எனக்கா கணக்குச் சொல்லுகின்றாய்?" என்று நான் சிரித்தேன். அவன் பேசாதிருந்தான். புதிய விசிறியை நானே பூட்டினேன்.

ஒரு நிமிடம்வரை படகு முன்னிலும் விரைவாக ஓடிற்று. நான் கைதட்டினேன். அதன்பின் நடுவாவியில் அது திடீரென நின்றது. மூடியின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அதே முதியவர் தோணியைச் செலுத்திப் போய்ப் படகை மீட்டு வந்தார். மூடியைத் திறந்தபோது எரிந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டுப்படுத்தி கருகியிருந்தது.

மகன் என்னைக் கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஒரு துணியை எடுத்துப் படகின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து தாளும் பென்சிலும் எடுத்தேன். ஒரே வடிவமும் ஒரே சுழற்சி வேகமுமுடைய விசிறிகளுக்கு வேண்டிய வலு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 45ஐ 40ஆற் பிரித்தால் 1.125. அதன் ஐந்தாம் அடுக்கு 1.8. விட்டம் எட்டில் ஒரு பங்கு கூட, மோட்டரின் சுமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கூடிவிடுகின்றது! நான்கு நிமிட ஓட்டத்தின்பின் பற்றரிக்கு 2,000 மில்லி அம்பியர்-மணி மின்னேற்றினோம் என்று மகன் முன்னரே குறித்து வைத்திருந்தான். அப்படியாயின் சராசரி மின்னோட்டம் 30 அம்பியர். பெரிய விசிறியோடு 54 அம்பியர். சராசரியே அவ்வளவாயின், முழுவிசையில் 60ஐத் தாண்டாதிருக்குமா? பத்து நிமிடக் கணக்கு. வகுப்பில் எந்த மாணவனேனும் அதைச் செய்யாது விட்டிருந்தால் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பேன்.

விடிந்ததும் மகனிடம் அத்தாளைக் காட்டினேன். "நீ சொன்னதே சரி. நான் கணக்கைப் பாராமற் பேசிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள், தம்பி" என்றேன். அச்சொற்கள் என் வாயிலிருந்து வருவதற்கு எவ்வளவு வருந்தினேன் என்பதை என் மனைவி அறிவாள். மகன் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். "ஐந்தாம் அடுக்கு என்று எனக்கும் தெரியாது, அப்பா" என்றான். அதன்பின் முகம் மலர்ந்து, "இதை ஒரு கொப்பியில் எழுதிவைப்போமா?" என்று கேட்டான்.

புதிய கட்டுப்படுத்தியை என் செலவிலே கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அது வர மூன்று வாரம் சென்றது. அதற்குள் கொப்பியின் முதற் பக்கத்தில் மகன் ஒரு சட்டம் எழுதினான்: ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், விளைந்த நன்மை எதனால் விளைந்தது என்பதை அறிய வழியில்லை.

முதலிற் பாரத்தின் நடுவிடத்தைப் பார்த்தோம். படகை இரண்டு விரல்களின்மேல் நிறுத்தி, அது சமமாய் நிற்குமிடத்தைக் கண்டு, பின்விளிம்பிலிருந்து அளந்தோம், 16 சென்ரிமீற்றர். அடிப்புறம் கூர்ந்த இத்தகைய படகுகளுக்கு அவ்விடம் நீளத்தில் நூற்றுக்கு முப்பதளவில் இருத்தல் நன்று. ஆகவே பற்றரியைச் சிறிது சிறிதாக முன்தள்ளி, 19.5 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தோம். தோணிக்கார முதியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பின்னுக்குப் பாரம் கூடினா மூக்குத் தூக்கும், முன்னுக்குக் கூடினாத் தண்ணிய உழும். வலைய எங்க வைக்கிற எண்டு பாத்துத்தானே நாங்க தோணிய விடுற" என்றார்.

துள்ளல் பாதி குறைந்தது. பின்விளிம்பில் இருபுறமும் இரண்டு சிறு தகடுகள் உள. அவற்றை அரை மில்லிமீற்றர் கீழிறக்கினால் பின்புறம் உயர்ந்து மூக்குப் பணியும். அவ்வாறு செய்ய, துள்ளல் முற்றாக நின்றது. இன்னும் அரை மில்லிமீற்றர் இறக்கிப் பார்த்தோம். மூக்கு நீரோடு ஒட்டிக்கொண்டு வேகம் குறைந்தது. மீண்டும் பழைய அளவுக்கே உயர்த்தினோம்.

எங்கள் படகின் விசிறி, பின்னின்று நோக்கினால் இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் எதிர்வினையால் படகின் உடல் வலப்புறம் சாய முற்படும். பற்றரியை ஐந்து மில்லிமீற்றர் இடப்புறம் நகர்த்தியதும் அச்சாய்வு தீர்ந்தது. திருப்பத்தில் வழுக்காமல் நீரைப் பற்றிக்கொள்வதற்கென வலப்புறத்தில் ஒரு நெடுந்தகடு உண்டு. பலமுறை கரையில் மோதியதால் அது வளைந்து முனை மழுங்கியிருந்தது. அதனை நிமிர்த்தி அரத்தால் தீட்டினோம். சுக்கான் திரும்பும் அளவையும் கைக்கருவியிற் பாதியாகக் குறைத்தோம். அன்றிலிருந்து படகு கவிழவில்லை.

பிறகு, ஒவ்வோர் ஓட்டத்திலும் பக்கத்துத் துவாரத்தால் நீர் பீறிடுகின்றதா என்று பார்ப்பதை வழக்கமாக்கினோம். மோட்டரையும் கட்டுப்படுத்தியையும் குளிர்விக்கும் நீர் அது. வாவியின் சாதாளை குழாயை அடைத்தால் அத்தாரை நின்றுவிடும். உடனே கரைசேர்க்க வேண்டும். வாவிநீர் உவர்நீராகையால், வீடு வந்ததும் நன்னீரால் அக்குழாயைக் கழுவுவதும், சுழல்தண்டைத் துடைத்துக் கிறீஸ் பூசுவதும் தவறாத கடன்கள். பற்றரியை முற்றாக இறக்கிவிடாமல், ஐந்திலொரு பங்கு மின் எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிடுவோம்.

இரண்டு மாதங்களின்பின் அதே கம்புகளுக்கிடையே மீண்டும் அளந்தோம். 4 செக்கன், மணிக்கு 45 கிலோமீற்றர். விசிறி பழைய 40 மில்லிமீற்றர் விசிறியே, பற்றரியும் பழையதே. துள்ளலிலும் சாய்விலும் வீணாகிப்போன வலுவே வேகமாய்த் திரும்பி வந்தது. முன்னர் கவிழ்ந்த வலப்புறத் திருப்பத்தில், படகு வெண்ணுரை வளையமொன்றை வரைந்துகொண்டு மீண்டு வந்தது. தோணியிலிருந்த முதியவர் துடுப்பை உயர்த்திக் காட்டினார்.

இப்பொழுதும் ஞாயிறுதோறும் இருவருமாகவே போகின்றோம். எட்டு மணிக்குக் காற்றெழுமுன் திரும்பிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உடன்பாடு. அதன்பின் அவன் தானாகவே புத்தகத்தை எடுக்கின்றான். வகுப்பிலும் நான் சற்று மாறிவிட்டேன் என்று மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பிழையான விடையோடு வரும் பிள்ளையை உடனே அதட்டுவதில்லை. எந்த வரியில் வழுக்கினாய் என்று கேட்கின்றேன். கருகிய அக்கட்டுப்படுத்தியை மகன் எறிந்துவிடப் பார்த்தான். நான் அதனை வாங்கி, என் மேசையில், திருத்தவேண்டிய விடைத்தாள்களின்மேற் பாரமாக வைத்திருக்கின்றேன்.