எலுமிச்சம்பழமும் உப்பும்

ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்க வருகிற உறவினர்களெல்லாம் சந்தவாசலில் எங்கள் வீட்டில் இறங்கிவிட்டுத்தான் போவார்கள். சென்ற ஆடியில் என் தம்பி மகன் வந்திருந்தான். அவனுக்கு அமெரிக்காவில், டல்லாஸ் நகரில் உத்தியோகம். வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், "பெரியப்பா, வீட்டிலே எலுமிச்சம்பழம் இருக்கா? உப்பு இருக்கா? இன்னிக்கு உங்களுக்கெல்லாம் மார்கரிட்டா பண்ணித் தரப்போறேன்" என்றான்.

சமையலறையிலிருந்து அவன் தாயார் எட்டிப் பார்த்தாள். பையனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. "யாருடா அது மார்கரிட்டா?" என்று கேட்டபோது அவள் குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

"பொண்ணு இல்லேம்மா. குடிக்கிற சமாசாரம்."

இதைக் கேட்டு அவள் கலக்கம் தீர்ந்ததா, அதிகமாயிற்றா என்று எனக்கு விளங்கவில்லை. "மாமா, நீங்களே கேளுங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கேட்டேன். பையனும் ஒளிக்காமல் சொன்னான். மார்கரிட்டா என்பது ஸ்பானிய மொழியில் ஒரு பூவின் பெயராம். பானத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பதில் பல பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். 1953ஆம் வருஷமே ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதன் செய்முறையை அச்சிட்டுவிட்டது. டெக்கீலா என்ற மது ஐம்பது மில்லி, ஆரஞ்சு வாசனையுள்ள மது இருபது, எலுமிச்சம்பழச் சாறு பதினைந்து. இவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி வடிகட்டி, விளிம்பில் உப்புத் தடவிய கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

"டெக்கீலா எதிலிருந்து வருது தெரியுமா பெரியப்பா? கத்தாழை!"

நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் வேலிக்கு நடுகிற ஆனைக்கற்றாழையைக் காட்டி, "இதுவா?" என்றேன். இதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்றான். இரண்டுக்கும் பூர்வீகம் மெக்ஸிகோதான். அங்கே ஹாலிஸ்கோ மாகாணத்தில் டெக்கீலா என்றே ஓர் ஊர் இருக்கிறது. நீலக் கற்றாழையை வருஷக்கணக்கில் வளர்த்து, மடல்களைச் சீவி எறிந்துவிட்டு, அன்னாசிப்பழம் போன்ற நடுக்கிழங்கைச் சுட்டு, அதன் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். நாம் அதே ஜாதிச் செடியிலிருந்து நார் உரித்துக் கயிறு திரித்தோம். ஒரே குடும்பத்துச் செடி, ஓர் ஊரில் மாட்டைக் கட்டுகிறது. இன்னோர் ஊரில் மனிதனை அவிழ்த்துவிடுகிறது!

பையன் வேலையைத் தொடங்கினான். "உங்களுக்கு மது வேண்டாம். பழமும் சர்க்கரையும் மட்டும் போட்டுத் தர்றேன்" என்றான். புட்டி அவனுடைய பெட்டியில் இருந்தது. முதலில் எனக்குக் கலந்து தந்துவிட்டுப் பிறகு தனக்கென்று எடுப்பதாக உத்தேசம் போலிருக்கிறது. பழத்தை அறுத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்தான். தட்டில் பரப்பியிருந்த உப்பில் கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்தான். "உப்பு எதற்கடா?" என்றேன். "உப்பு கசப்பை அடக்கும் பெரியப்பா. புளிப்பும் இனிப்பும் அப்பத்தான் மேலே வரும்."

கிண்ணத்தை வாயில் வைத்தேன். உதட்டில் உப்பு; பிறகு புளிப்பு; கடைசியில் தித்திப்பு. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு சாயங்காலம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் இருந்த கூடத்தில்தான் என் தகப்பனாரின் குழித்தறி இருந்தது. ஆரணி முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி வந்து பட்டுச் சேலை நெய்தார். நல்ல கைகாரர். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் தறியை விட்டு எழுந்தால் அந்தக் கைக்கு ஏதாவது பிடிக்க வேண்டும்.

சேலத்தில் 1937இல் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1939இல் எங்கள் வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. சட்டம் இருந்த காலத்திலும் திருட்டுச் சாராயம் கிடைக்காமல் இல்லை. ஆனால் அதற்கு இருட்டில் நடக்க வேண்டும், பயப்பட வேண்டும். அப்பாவுக்கு இரண்டும் பிடிக்காது. 1971இல் சட்டத்தைத் தளர்த்திக் கடைகள் திறந்தபோது நடையும் மிச்சம், பயமும் மிச்சம். கூலிதான் மிஞ்சவில்லை.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பனைவெல்லம் கரைத்து, ஒரு சிட்டிகை கல் உப்புப் போட்டு வைத்துக்கொண்டாள். பித்தளையில் களிம்பேறும் என்று அதற்கென்று ஒரு மண்கலயம். அப்பா குழியிலிருந்து எழுந்து துண்டை உதறும் சமயம் பார்த்துத் தம்ளரில் ஊற்றி, "இந்தாங்க" என்று நீட்டுவாள்.

அந்த எலுமிச்சம்பழம் சாராயக் கடையை ஜயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அப்பா மறுக்காமல் வாங்கிக் குடிப்பார். தம்ளரைக் கீழே வைப்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல், "எதுக்கம்மா தினம் பழத்தை வீணாக்கறே?" என்று கேட்டேன்.

"பத்து நாளிலே ரெண்டு நாள் இதைக் குடிச்சிட்டுத் திண்ணையிலேயே படுத்துடறாரே, அதைப் பார்க்கலியா? அந்த ரெண்டு நாள் காசுதான் உன் காலேஜ் சம்பளம்" என்றாள்.

1974இல் கடைகளை மறுபடி மூடினார்கள். அதற்குள் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பட்டுத் தறியில் இழை அறுந்தால் விரல் நுனியால் பிணைக்க வேண்டும். மயிரிழையை விட மெல்லிய நூல் அது. நடுங்குகிற விரலுக்கு அகப்படாது. அடுத்த பொங்கலுக்குள் தறியைப் பிரித்துவிட்டோம். குழியை மூடிய இடத்தில் இன்றும் தரை சற்று உள்வாங்கியிருக்கும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவனும் ஒரு விஷயம் சொன்னான். அவன் இருக்கும் டல்லாஸில் ஓர் உணவு விடுதிக்காரர், ஐஸ்கிரீம் யந்திரத்தை மாற்றி அமைத்து, மார்கரிட்டாவைப் பனிக்கூழாக வடிக்கும் யந்திரம் செய்தாராம். அது இப்போது வாஷிங்டன் மியூஸியத்தில் இருக்கிறது. அவர் அதைச் செய்ததும் அதே 1971தான். அங்கே யந்திரம், இங்கே மண்கலயம்!

அன்று அவன் பெட்டியைத் திறக்கவில்லை. திருந்திவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் குடிகாரனும் அல்ல, சிநேகிதர்களோடு எப்போதாவது குடிப்பவன். நானும் உபதேசம் செய்யவில்லை. தனக்கும் எனக்குக் கலந்தது போலவே ஒரு கிண்ணம் கலந்துகொண்டு, பள்ளமான அந்தத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பாட்டி பண்ணினதுக்குப் பேர் என்ன பெரியப்பா?"

யோசித்துப் பார்த்தேன். சர்பத் என்று அம்மா சொன்னதில்லை; பானகம் என்றும் சொன்னதில்லை. தம்ளரை நீட்டும்போது அவள் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"இந்தாங்க" என்றேன்.