கான்பூரில் உடைத்துப் போட்ட விமானம், லண்டன் மியூசியத்தில்!

லண்டன் நார்தர்ன் லைன் ரயிலில் ஏறி காலிண்டேல் ஸ்டேஷனில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் இருக்கிறது ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம். அனுமதி இலவசம். ஒருகாலத்தில் ஹெண்டன் விமானத்தளமாக இருந்த இடம் இது. உள்ளே நான்கு இன்ஜின்களோடு, 110 அடி இறக்கையை விரித்து நிற்கிறது ஒரு லிபரேட்டர். எண், கே.என். 751.

பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் இதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மட்டுமாவது கொஞ்ச நேரம் நிற்கலாம். இது நம் வீட்டில் 20 வருஷத்துக்கும் மேல் இருந்துவிட்டுப் போன விமானம்!

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா தயாரித்த லிபரேட்டர்கள் 18,000-க்கும் அதிகம். அவற்றில் ஒன்றான இது, 1945-ல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் பிரிட்டிஷ் விமானப்படையோடு இருந்தது. போர் முடிந்ததும் ஒரு சிக்கல். அமெரிக்கா இரவல் கொடுத்த விமானங்கள் இவை. திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். பிரிட்டிஷார் பல லிபரேட்டர்களைக் கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். இன்ஜினுக்குள் மண்ணைப் போட்டதாகவும் சொல்வார்கள்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் கனரக குண்டுவீச்சு விமானம் கிடையாது. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரு ஹெச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் குவியலில் இறங்கினார்கள். இதிலிருந்து ஒரு பாகம், அதிலிருந்து ஒரு பாகம் என்று கழற்றி மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். முழு ரிப்பேர் பெங்களூருவில்தான். ஆனால், அதுவரை யார் ஓட்டிப் போவது? சுமார் 1,500 கிலோமீட்டர்! ஹெச்.ஏ.எல். டெஸ்ட் பைலட் ஜாம்ஷெட் முன்ஷி, ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போனார். இப்படி 40 விமானங்களுக்கு மேல் உயிர் பிழைத்தன. இன்று அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1948 நவம்பரில் விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கியது. பிறகு 6-வது ஸ்குவாட்ரன், கடல் கண்காணிப்புக்கு. உலகமே மறந்துவிட்ட விமானத்தை இந்தியா 1968 வரை ஓட்டியது.

வெளிநாட்டு மியூசியங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் அரிசோனா மியூசியங்களில் நிற்கும் லிபரேட்டர்களும் இங்கிருந்து போனவைதான். கே.என். 751, 1974-ல் பிரிட்டனுக்குப் பார்சலாகப் போகவில்லை. பறந்தே போய் இறங்கியது. உடைத்துப் போட்டவர்களுக்கே இந்தியா கொடுத்த அன்பளிப்பு!

லண்டன் போக முடியாதவர்களுக்கு டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது.