ஒன்றரை மில்லி நெருப்பு

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

உடன்குடி ரோட்டுப் பட்டறையில் ப்ளாஸ்மா டேபிள் வந்து இறங்கியதிலிருந்து தூரத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் பட்டறை அண்ணாச்சி பக்கத்தில் கூப்பிட்டார். இத்தனை வருஷம் ஜன்னல் கிரில்லும் கேட்டும் பற்றவைத்த கை. டார்ச் தொடாமலே தகடு அறுபடுவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கம்ப்ரஸர் காற்று நாசிலின் ஊசித்துளை வழியாகப் பீறிடுகிறது. அதற்குள் கரண்ட் பாய்கிறது. காற்றே மின்சாரம் கடத்தும் அளவுக்குச் சூடேறி 20,000 டிகிரியைத் தாண்டுகிறது. இரும்பு உருக உருக, அதே காற்று அதைக் கீழே ஊதித் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் ராபர்ட் கேஜ் 1957-இல் காப்புரிமை வாங்கிய வழி இது. கேஸ் கட்டிங்குக்கு மசியாத அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அன்று அவசியமாக இருந்தது. இன்று ஜன்னல் கிரில் வரைக்கும் வந்துவிட்டது.

முதல் வேலையே மணப்பாட்டு வேலை. ஒரு மாடி முகப்புக்கு மூன்றடி பேனல், 2 மி.மீ. எம்.எஸ். இரும்புத் தகடு. போர்த்துக்கீசியக் கப்பல், மணல்மேட்டுத் திருச்சிலுவை ஆலயம், கீழே ஊர்ப்பெயர். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு முன்னால் மாட்டிவிட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 20, புதன்

படம் அனுப்பியவர் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார், காகிதத்துக்கு. புயலில் தப்பிய கப்பலின் பாய்மரத்தைச் சிலுவையாக்கி 1540-இல் மேட்டில் நட்டார்கள் என்பது ஊர்க்கதை. ஆலயம் 1581-இல் எழுந்தது. அந்தக் கப்பலுக்குப் பாய், பாய்க்குக் கயிறு, கயிற்றுக்கு முடிச்சு என்று முடியளவு கோடுகள்.

“படத்தில இருக்கிறதெல்லாம் தகட்டில வராதுடே. நெருப்புக்கும் தடிமன் உண்டு” என்றார் அண்ணாச்சி.

45 ஆம்பியரில் வெட்டுத்தடம் ஏறக்குறைய ஒன்றரை மில்லி அகலம். வெளிவிளிம்பை வெட்டும்போது கோட்டுக்கு முக்கால் மில்லி வெளியே ஓட வேண்டும், துளை வெட்டும்போது முக்கால் மில்லி உள்ளே. தையல்காரர் துணி விடுவது மாதிரிதான். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். ஆனால் ஒன்றரை மில்லியைவிடக் குறுகிய சந்தை எந்தக் கம்ப்யூட்டரும் வெட்டித் தராது.

கயிறுகளை ஒற்றை ஓட்டமாக, கோட்டின் மேலேயே ஓட்டலாம் என்று முடிவு. அதிலும் ஒரு வில்லங்கம். நெருப்பு தகட்டைத் துளைத்து இறங்கும் முதல் இடத்தில் தடத்தைவிடப் பெரிய குழி விழும். கயிற்றின் நுனியில் அப்படி ஒரு பொத்தல் இருந்தால் எல்லாருக்கும் கண்ணில் படும். அதனால் ஒவ்வொரு கயிறும் பாயின் வெட்டிலிருந்தே கிளம்பும்படி மாற்றி வரைந்தோம். பாதிக் கயிறுகளை அழித்துவிட்டோம். கப்பல் அதற்குப் பிறகுதான் கப்பலாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, சனி

இன்று முழுக்க ‘மணப்பாடு’ என்ற ஊர்ப்பெயர்தான். எழுத்தை ஊடுருவ வெட்டினால் ம-வின் வயிறு கழன்று டேபிளுக்கு அடியில் உள்ள தொட்டித் தண்ணீரில் விழும். மூன்று சுழி ண-வின் சுழி உள்ளும் அப்படியே. எழுத்தை நிறுத்திச் சுற்றியுள்ளதை வெட்டினால் அவை நிற்கும், ஆனால் ப்-பின் புள்ளி அந்தரத்தில். அதற்கு ஒரு காம்பு வைத்தால் புள்ளி என்று யார் நம்புவார்கள்?

ஊடுருவ வெட்டுவதே மேல் என்றேன். அப்போது புள்ளி வெறும் துளை. 6 மில்லி கொடுத்தால் போதும். தகட்டின் தடிமனுக்கு இரண்டு மடங்காவது துளை இருந்தால்தான் ஓரளவு வட்டமாக வரும். அதற்குக் கீழே போனால் புள்ளியடித்து டிரில் போடுவதே மரியாதை. ம, ண உள்ளுக்கு மட்டும் 3 மில்லிப் பாலம். பாலத்தை எழுத்தின் அடியில் வைத்தால் கண் தாண்டிப் போய்விடுகிறது, பக்கவாட்டில் வைத்தால் எழுத்தே உடைந்தது போல இருக்கிறது. நம் எழுத்துகளின் சுழியையும் புள்ளியையும் யோசித்து வெட்டுக்கென்றே யாராவது ஒரு ஃபாண்ட் செய்து வைத்தால் தமிழ்நாட்டுப் பட்டறைகள் கோயில் கட்டிக் கும்பிடும்.

ஆகஸ்ட் 27, புதன்

இந்தக் கடற்கரையில் ப்ளாஸ்மாவுக்கு எதிரி இரும்பு இல்லை, காற்று. காலையில் கம்ப்ரஸர் டாங்கியின் அடித் திருகைத் திறந்தால் தண்ணீர் ஒழுகி ஓய நேரமாகிறது. நேற்று மத்தியானத்துக்கு மேல் வெட்டு ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியது. நெருப்பில் பச்சை தட்டியது. அண்ணாச்சி நிறுத்திவிட்டு டார்ச்சைக் கழற்றினார்.

எலெக்ட்ரோடு செம்புதான், அதன் நுனி நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒரு பொட்டு. நெருப்பு பிறப்பது அந்தப் பொட்டிலிருந்து. தேயத் தேய அது குழியாகும். ஒன்றரை மில்லி ஆழம் போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மிச்சம் பிடிக்க நினைத்தால் செம்பும் எரிந்து டார்ச்சையும் கெடுக்கும். பச்சை நிறம் அந்தச் செம்பு. காற்றில் ஈரம் இருந்தால் குழி சீக்கிரம் விழுகிறது. நாசிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்: துளை வட்டமாக இல்லை, புளியங்கொட்டை மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தக் கோணலே தகட்டிலும் இறங்கியிருக்கிறது.

ஃபில்டருக்குப் பிறகு சிலிக்கா ஜெல் குழாய் ஒன்று சேர்த்தோம். நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் நிறமாவதைப் பார்த்தாலே அன்றைய கடற்காற்று தெரிகிறது. வறுத்தெடுத்தால் மறுபடி நீலம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கரண்ட் இல்லை. டேபிள் தொட்டியில் சேறு அள்ளினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

துண்டுத் தகட்டில் மூலைப் பயிற்சி. துளைக்கும்போது டார்ச் நாலு மில்லிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், வெட்டும்போது ஒன்றரை. தகடு நெளிந்தாலும் அந்த ஒன்றரை மாறக்கூடாது. மெஷினுக்குக் கண் கிடையாது, வோல்டேஜ்தான். நெருப்பு நீண்டால் வோல்டேஜ் ஏறும். ஏறினால் டார்ச்சைத் தாழ்த்தும். நேர்கோட்டில் அருமை. சிலுவையின் கூர் மூலையில் வேகம் குறைகிறது, தடம் அகலமாகிறது, வோல்டேஜ் ஏறுகிறது. மெஷின் தான் உயரத்தில் இருப்பதாக நினைத்துக் குனிந்து தகட்டில் இடிக்கிறது. மூலைக்கு முன்னால் உயரக் கட்டுப்பாட்டை அணைத்து, தாண்டியதும் போடச் சொல்லி ஃபைலில் எழுதினோம்.

இன்னொன்று. காற்று நாசிலுக்குள் சுழன்று வருவதால் வெட்டின் வலதுபக்கம் செங்குத்தாகவும் இடதுபக்கம் சரிந்தும் இருக்கும். ஆகவே வெளிவிளிம்பு கடிகாரச் சுற்று, உள்துளை எதிர்ச்சுற்று. நல்ல பக்கம் எப்போதும் பொருளுக்கு.

வேகம் காதுக்குத்தான் புரிகிறது. மெதுவாகப் போனால் அடியில் ஸ்லாக் மொத்தை மொத்தையாகத் தொங்கும், உளியால் தட்டினால் உதிரும். வேகம் மிஞ்சினால் மெல்லிய வரியாக ஒட்டும். அது கிரைண்டர் இல்லாமல் போகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சீரான சீறல்.

செப்டம்பர் 6, சனி

பேனல் வெட்டியாயிற்று. முதலில் எழுத்து, பிறகு கயிறு, பாய், ஆலயத்தின் ஜன்னல்கள், கடைசியில்தான் வெளிச்சட்டம். சட்டத்தை முதலில் அறுத்தால் தகடு அசைந்து எல்லாம் போச்சு. ஒரே இடத்தில் தொடர்ந்து வெட்டாமல் அங்கொன்று இங்கொன்றாகத் தாவ விட்டோம். தொட்டித் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொண்டது. அப்படியும் கப்பலின் அணியத்தில் லேசான நெளிவு. மரச்சுத்தியல் போட்டேன்.

கோயம்புத்தூரில் லேசரில் வெட்டியிருந்தால் அந்தக் கயிறுகள் அத்தனையும் வந்திருக்கும். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அவை தெரியாது என்பதும் உண்மை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பின்பக்கக் கொக்கிகளைப் பற்றவைக்கும்போது வெல்டிங் முழுக்கப் பொடிப்பொடித் துளை. ராடு ஈரமோ என்று மாற்றினேன், அப்படியேதான். வெட்டிய காற்றின் நைட்ரஜன் விளிம்பில் ஏறி நின்றுவிடுகிறதாம். அரை மில்லி கிரைண்ட் பண்ணியதும் வெல்டிங் வழுவழுவென்று ஓடியது. வெல்டிங்காரன் ப்ளாஸ்மா கற்றுக்கொண்டால் முதலில் எழுதி வைக்க வேண்டியது இதுதான்.

துத்தநாக எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு அடித்தோம். மணப்பாட்டு உப்புக்காற்றுக்கு வெட்டு விளிம்புதான் முதலில் இரையாகும்; பெயிண்ட் அங்கேதான் நிற்காது. அதனால் பிரைமருக்கு முன்னாலேயே ஒவ்வொரு விளிம்பையும் எமரி போட்டு மழுக்கியிருந்தேன்.

பேனலைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், கப்பல் வேலைக்குப் போய்வந்தவர், தங்கச்சி வீட்டுக்கு இதையே ஸ்டெயின்லெஸ்ஸில் கேட்கிறார். 304 கடலோரத்தில் தேநீர்க்கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். அதை வெறும் காற்றில் வெட்டினால் விளிம்பு கறுத்துச் சொரசொரக்கும். நைட்ரஜன் சிலிண்டர் வாடகையையும் 316 தகட்டு விலையையும் தூத்துக்குடியில் விசாரித்துவிட்டுத்தான் ரேட் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.