ஊசி போட்ட ராத்திரிகள்

எனக்குத் தாய்மாமன் ஒருவர் இருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி அடுக்கின் மேல் அவர் கை ஓடினால் நூலிழை பிசகாது. வாய் மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்காது. அவர் மேஜையைச் சுற்றி எப்போதும் சிரிப்புத்தான்.

1998-ஆம் வருஷம் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளரும் வகை. வாரத்தில் மூன்று நாள் ஓர் ஊசி. பெயர் இன்டர்ஃபெரான். விலையைக் கேட்டதும் அத்தை தன் கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அனலாய் அடிக்கும், குளிர் தூக்கிப்போடும். "நோய்க்கு மருந்தா, மருந்துக்கு நோயா?" என்பாள் அத்தை. நியாயமான கேள்வி. விடை எனக்குத் தெரிய வெகு காலமாயிற்று.

1957-ல் லண்டன் மில் ஹில் ஆராய்ச்சிசாலையில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்ற இருவர், சூட்டால் செயலிழந்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வோடு சேர்த்தார்கள். சவ்வு ஏதோ ஒன்றைச் சுரந்தது. அதைப் புதுச் சவ்வில் சேர்த்தால், உயிருள்ள வைரஸ் அங்கே பெருக முடியவில்லை. குறுக்கே நிற்கும் பொருள் என்ற அர்த்தத்தில் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள்.

திருப்பூர்க் கணக்கில் சொல்கிறேன். வைரஸுக்குச் சொந்த மிஷின் கிடையாது. அடுத்தவன் கம்பெனிக்குள் புகுந்து, அவன் மிஷினிலேயே தன் சரக்கைத் தைத்துக்கொள்ளும் திருடன் அது. மாட்டிக்கொண்ட உயிரணு, விழுமுன் அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுக்கிறது. அந்தக் குரல்தான் இன்டர்ஃபெரான். கேட்ட உயிரணுக்கள், திருடனின் ஆர்டர் சீட்டைக் கிழிக்கவும் மிஷினை நிறுத்தவும் ஆயத்தமாகின்றன. ஃப்ளூ வந்தால் நம்மை வாட்டும் காய்ச்சலிலும் வலியிலும் இந்தக் குரலுக்குப் பங்குண்டு. மாமாவுக்குக் கிருமி இல்லாமலே அபாயச் சங்கு ஊதினோம். காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்தக் குரலுக்குப் புற்றணுக்கள் பெருகும் வேகத்தைத் தணிக்கவும், காவல் அணுக்களைத் தட்டி எழுப்பவும் தெரியும். ஆதியில் தானமாக வந்த இரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து சொற்பமாகவே கிடைத்தது. 1980-ல் அதன் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்க வழி பிறந்ததும், புற்றுநோய் தொலைந்ததென்று உலகம் துள்ளியது. அப்படித் தொலையவில்லை. 1986-ல் அமெரிக்காவில் அபூர்வமான ஓர் இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பிறகு வேறு சிலவற்றுக்கும். மாமாவுக்கு வந்த நோயில் சிலருக்கு ஆயுளை நீட்டித்தது.

மாமாவுக்கும் வெள்ளணுக் கணக்கு இறங்கியது. கூடவே சிரிப்பும் இறங்கிவிட்டது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துப் பையனான நான் ஒருநாள், "இப்படிப் பயந்துக்கிட்டா எப்படிங்க மாமா?" என்றேன்.

"பயமில்லே மாப்ளே. உள்ளே விளக்கை அணைச்சாப்பலே இருக்குது."

கோழைத்தனத்துக்கு இப்படியும் ஒரு சமாதானமா என்று நினைத்தேன்.

2000-ல் போய்விட்டார். மறு வருஷமே அமெரிக்காவில் அந்த நோய்க்கு இமாடினிப் மாத்திரை அனுமதி பெற்றது. அந்த நோயில் இன்டர்ஃபெரான் பின்னுக்குப் போயிற்று. வேறு சில இரத்த நோய்களுக்கு இன்றும் உதவுகிறது.

பல வருஷம் கழித்து அந்த மருந்தின் பக்க விளைவுகளைப் படித்தேன். காய்ச்சல், குளிர், அசதி. அடுத்து, மனச்சோர்வு. அத்தையிடம் போய்ச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். "அப்பவே தெரிஞ்சிருந்தா டாக்டரைக் கேட்டிருப்பமே, கண்ணு" என்றாள்.

உங்கள் வீட்டில் யாராவது மருந்து சாப்பிடும் காலத்தில் பேச்சுக் குறைந்து போனால், தைரியம் சொல்லப் புறப்படாதீர்கள். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.