ஏறக்குறைய என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது



வெளிநாட்டில் உழைக்கும் கணவரின் கம்பெனிக்கு, வங்கிக்கு, மருதமுனைக் கைத்தறிச் சாரன் வாங்கும் கொழும்பு வியாபாரிக்கு என்று ஆங்கிலக் கடிதம் எழுதும் பொறுப்பு இன்று நமது பெண்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதியதை என்னிடம் காட்டிப் போவோரும் உண்டு. அவற்றில் எழுத்துப் பிழைகளைவிட, தொகையை மதிப்பாகச் சொல்லும் சின்னச் சொற்களே பொருளைக் கெடுத்துவிடுகின்றன.

நமது 'ஏறக்குறைய' என்ற சொல்லைப் பாருங்கள். ஏறவும் கூடும், குறையவும் கூடும் என்பதே அதன் கருத்து. இதற்கு நேரான ஆங்கிலச் சொல் 'அபௌட்'. 'அப்ராக்ஸிமேட்லி' என்பதும் அதே பொருளுடையதுதான். அலுவலகக் கடிதங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 'நியர்லி', 'ஆல்மோஸ்ட்' ஆகிய இரண்டும் வேறு. அவற்றில் குறைவு உண்டு, ஏற்றம் இல்லை. 'நியர்லி 100 சாரன்' என்றால் 96 இருக்கலாம், 98 இருக்கலாம்; 104 இருக்க முடியாது. 104 இருந்தால் 'ஓவர் 100' என்று எழுத வேண்டும்.

எண்ணி முடித்த கணக்குக்கு இச்சொற்கள் எதுவும் வேண்டாம். 97 என்று தெரிந்தால் 97 என்றே எழுதுங்கள். '40 டு 50' என்று எழுதும்போதும் முன்னால் 'அபௌட்' தேவையில்லை. அதுவே மதிப்புக் கணக்குத்தான்.

வினைச்சொல்லோடு சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். மகள் சோதனையில் 'நியர்லி' பாஸ் என்றால் அவள் பாஸாகவில்லை. கடனை 'ஆல்மோஸ்ட்' கட்டி முடித்தேன் என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நமது கரையோரத்தை அழித்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது மக்கள் வீடு வாசல் இழந்து நின்றார்கள். அப்படி இழந்த ஒருவர் உதவி கேட்டு, 'வீ ஆல்மோஸ்ட் லாஸ்ட் எவ்ரிதிங்' என்று எழுதினால், எல்லாம் போகப் பார்த்தது, ஆனால் தப்பிவிட்டது என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடும். 'வீ லாஸ்ட் ஆல்மோஸ்ட் எவ்ரிதிங்' என்பதே சரி: கொஞ்சம் தவிர மற்றெல்லாம் போய்விட்டது. ஒரு சொல் இடம் மாறியதால் உண்மையான இழப்பு இழப்பில்லாததாகிவிடுகிறது!

அரபு மொழியிலும் இந்த நுட்பம் உண்டு. ஸூரத்துர் ரூமில் வரும் 'பிழ்உ' என்ற சொல் சில ஆண்டுகளைக் குறிக்கிறது. அந்தச் 'சில' மூன்றிலிருந்து ஒன்பது வரை என்று மொழி அறிஞர்கள் எல்லை சொல்லியிருக்கிறார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களும் எண்ணிக்கையில் ஐயம் வந்தால், இதுவா அதுவா என்ற ஐயத்தையும் சேர்த்தே அறிவித்தார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வது அமானிதமல்லவா?

ஆகவே கடிதத்தை உறையில் இடுமுன் தொகை வரும் இடங்களை ஒருமுறை பாருங்கள். எண்ணியதா, மதிப்பிட்டதா? மதிப்பிட்டதென்றால் கூடவும் கூடுமா, குறைய மட்டுமா? விடை கிடைத்தால் சரியான சொல்லும் கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.